அரக்குக் கலருக்கு இங்கிலீஷ்

காலை ஏழு பத்து. அப்பா கடை ஷட்டரை உள்ளேயிருந்து இடுப்பளவு தூக்கிவிட்டு, மேலே தள்ளுவதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குனிந்து தரை பெருக்கிக்கொண்டிருந்த எனக்கு முதலில் தெரிந்தவை இரண்டு செருப்புகள். தோல் செருப்புகள். அவற்றின் மேல் வெள்ளைச் சொட்டுகள், பச்சைச் சொட்டுகள், இடது கட்டைவிரல் பக்கம் சிவப்பாக ஒன்றே ஒன்று. முகம் தெரிவதற்கு முன்பே ஆள் தெரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயின்ட் கடை வைத்திருந்த சித்தப்பா. அம்மாவின் தங்கையைக் கட்டியவர்.

ஷட்டர் மேலே போனதும் மிச்சமும் தெரிந்தது. தோளில் பழைய போர்வையில் கட்டிய மூட்டை. கக்கத்தில் பெயின்ட் ஷேடு கார்டு. மூன்று நாள் தாடி.

"வாங்க சகல, என்ன இம்புட்டு வெள்ளனா?" என்றார் அப்பா.

"அவளைக் காணும் அண்ணாச்சி. வியாழக்கிழமை மதியத்துல இருந்து."

அன்று சனிக்கிழமை. மாடியில்தான் எங்கள் வீடு. படியில் காப்பி டம்ளரோடு இறங்கி வந்த அம்மா பாதியில் நின்றாள். பிறகு மிச்சப் படிகளையும் இறங்கி, டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "காப்பியைக் குடிங்க தம்பி" என்றாள்.

அவர் தேடாமல் வரவில்லை. சேத்தூர், தேவதானம், மகாராஜபுரம் என்று சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு வீட்டிலும் விஷயத்தைச் சொல்லவில்லை. 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததைக் குடித்துவிட்டு, கொல்லைப்புறம் வரை கண்ணால் துழாவிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"இங்க வந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கள்ல மதினி?"

"சொல்லாம இருப்பனா?" என்றாள் அம்மா.

எங்களுடையது மேட்சிங் கடை. ராஜபாளையத்தில் அப்போது அப்படி இரண்டு மூன்று கடைகள் இருந்தன. பெண்கள் சேலையைக் கொண்டுவருவார்கள். அதற்குப் பொருந்தும் ரவிக்கைத் துணியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குக் கணக்கு வரும், கலர் வராது. கலர் அம்மாவின் இலாகா. தைத்தும் கொடுப்பாள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. டியூப் லைட்டில் எந்தக் கலரையும் முடிவு செய்ய மாட்டாள். சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, வெயிலில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்ப்பாள். சைக்கிள்காரர்கள் மணியடித்தாலும் நகர மாட்டாள். சரி என்றால் தலையாட்டுவாள். இல்லையென்றால் "ஒரு நூல் மஞ்ச கூடிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவாள். அந்த ஒரு நூல் மஞ்சள் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது.

கடையில் கலர்களுக்கு எங்கள் பெயர்கள் இருந்தன. மாந்துளிர், வெந்தயம், வெங்காயத்தாள், காப்பிப்பொடி, யானை, செங்கல், அரக்கு, மயில்கழுத்து. இவற்றையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்ற வெறி எனக்கு அந்த வருடம்தான் பிடித்தது. ஆறாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு வாரம் முழுக்கக் கலப்பு நிறங்களை நடத்தினார். இரண்டு நிறம் கலந்திருந்தால் எது அதிகமோ அது கடைசியில் வரும். குறைவாக இருப்பது 'இஷ்' என்று ஒரு வாலை ஒட்டிக்கொண்டு முன்னால் வரும். ப்ளூயிஷ் கிரீன் என்றால் அது பச்சைதான், நீலம் எட்டிப் பார்க்கிறது. கிரீனிஷ் ப்ளூ என்றால் நீலம். சரிபாதி என்றால் வாலே வேண்டாம், ப்ளூ-கிரீன். கடைசியில் 'கலர்' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். சிவப்பு என்றாலே கலர்தானே, அதற்கு எதற்கு இன்னொரு கலர் என்பது அவர் கட்சி. வீட்டில் பார்க்கும் கலப்பு நிறங்களைக் கவனித்து வந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

நான் கவனித்தபடியே திரிந்தேன். சித்தியை எங்கள் கடையில் நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். சித்தப்பா மூட்டையோடு வந்து நின்றதற்கு இரண்டு வாரம் முன்னால். புதிதாக எடுத்த மயில்கழுத்துச் சேலைக்கு ரவிக்கை தைக்க வந்திருந்தாள். கடைக்குப் பின்னால் தையல் மெஷின் கிடந்த அறையில் அம்மா அளவெடுத்தாள். இன்ச் டேப்பை மேல்கையில் சுற்றுவதற்காகச் சித்தியின் ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளியபோது, அங்கே ஒரு நிறம் இருந்தது. உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் வேறு மாதிரி.

"சித்தி, ஓரத்துல இருக்கது யெல்லோயிஷ் கிரீன்" என்றேன். "நடுவுல பர்ப்ளிஷ் ப்ளூ."

சித்தி சிரித்தாள். "எம்புட்டு அழகாச் சொல்லுதா பாருக்கா. நான் வெறுமனே கன்னிப்போச்சுன்னுல்ல நெனச்சேன்."

"எப்படி சித்தி கன்னுச்சு?"

"பீரோக் கதவு பட்டு. கண்ணு மண்ணு தெரியாம அது பாட்டுக்கு வந்து இடிக்குது."

"பீரோவா?" என்றாள் அம்மா.

"பீரோதான்."

அம்மா மேலே தள்ளிய ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "கை எப்பவும் போல அஞ்சு இன்ச்சு வைக்கட்டா?"

"முழங்கை வரைக்கும் வையிக்கா. பத்து வையி. இப்ப அதான பேஷன்."

பேஷன் என்றதும் எனக்கும் ஒன்று அப்படி வேண்டும் என்று கேட்டேன். அம்மா டேப்பைச் சுருட்டி வைத்தாள். திங்கட்கிழமை வகுப்பில் என் முறை வந்தபோது எழுந்து, என் சித்தியின் கையில் இருந்த யெல்லோயிஷ் கிரீனைச் சொன்னேன். மிஸ் சரி என்றார். அடுத்த பிள்ளையைக் கேட்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். போலீசுக்குப் போகலாமே என்றார் அப்பா.

"போலீசுக்குப் போனா ஊரு பூரா நாறிரும் அண்ணாச்சி. அவிய வீட்ல என்ன, இவிய வீட்ல என்னன்னு நம்ம கடை வாசல்லயே நின்னு பேசுவானுக. பேப்பர்ல போட்ருவோம். இங்கிலீஷ் பேப்பர்ல."

"இங்கிலீஷ் பேப்பரா?"

"தமிழ்ப் பேப்பர்ல போட்டா டீக்கடைல கிடக்கும். நம்ம தெருவுல இங்கிலீஷ் பேப்பர் எவன் படிக்கான்?"

தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாது, தெரியாதவர்கள் கண்ணில் பட வேண்டும். சித்தப்பாவுக்கு வேண்டியிருந்த விளம்பரம் அப்படிப்பட்டது. அதனால் படம் வேண்டாம் என்றார். பெயர் கூடாது என்றார். ஊர் பெயரும் வேண்டாம், ஒரு டெலிபோன் நம்பர் போதும் என்றார். மிஞ்சியவை வயது, உயரம், உடுத்தியிருந்த சேலை. அந்தச் சேலையை வைத்துத்தான் மதராசிலோ பெங்களூரிலோ பேப்பர் படிக்கும் ஒருவர் என் சித்தியை அடையாளம் கண்டு பிடித்துத் தர வேண்டும்.

எழுதும் வேலை எனக்கு வந்தது. குடும்பத்தின் மொத்த இங்கிலீஷும் அப்போது என்னிடம்தான் இருந்தது. கல்லா மேஜையில் ஒரு முழுத் தாளைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்ல, தாய் உடல்நிலை மோசம் உடனே வரவும்னு போடு" என்றார் சித்தப்பா.

"எங்கம்மா செத்து ஒம்போது வருசமாச்சு" என்றாள் அம்மா.

"எல்லாரும் அப்படித்தான மதினி போடுதாங்க."

"அவளுக்குத் தெரியும்லா செத்துட்டாங்கன்னு?"

சித்தப்பா யோசித்தார். "அப்ப எங்கம்மான்னு போடு" என்றார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு மோசமானால் சித்தி ஓடி வருவாளா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எழுதினேன்.

அடுத்தது ஆளின் நிறம். "மாநிறம்" என்றார். "இங்கிலீஷ்ல வீட்டிஷ், கோதுமை நெறம். எங்களுக்குப் பொண்ணு பாத்தப்ப தரகர் அப்படித்தான் எழுதிட்டு வந்தாரு." அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு வேறு கவலை. கோதுமையில் வால் இருக்கிறது, வாலுக்குப் பின்னால் நிறம் இல்லை. மிஸ் விட மாட்டார். வீட்டிஷ் பிரவுன் என்று எழுதி முடித்துக்கொண்டேன்.

"சேலை என்ன கலரு சித்தப்பா?"

அவர் விழித்தார். பகலெல்லாம் இந்தச் சுவருக்கு இந்த ஷேடு, அந்த ஜன்னலுக்கு அந்த ஷேடு என்று சொல்லிக்கொடுக்கிறவர். "காலைல நான் கடைக்குப் போறப்ப அடுப்படில நின்னா. என்னமோ ஒண்ணு கட்டியிருந்தா. பச்சைன்னா பச்சை, நீலம்ன்னா நீலம்... எனக்கு எங்கன தெரியும்?" பிறகு மூட்டையைக் கல்லா மேஜைமேல் தூக்கி வைத்தார். "அதுக்குத்தான் இதைக் கொண்டாந்தேன். பீரோவுல இருந்த அம்புட்டும் இருக்கு. நீங்கதான அவளுக்கு எல்லாத்துக்கும் ஜாக்கெட்டு தச்சது? எது இல்லன்னு பாத்துச் சொல்லுங்க மதினி."

நல்ல யோசனைதான். அப்பா கூடத் தலையாட்டினார்.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். அவர் அள்ளித் திணித்துக் கட்டியிருந்ததால் எல்லாம் கசங்கியிருந்தது. ஒவ்வொரு சேலையாக எடுத்து, உதறி, மடித்து, பக்கத்தில் அடுக்கினாள். வெந்தயம் இருந்தது. வெங்காயத்தாள் இருந்தது. செங்கல், யானை, கல்யாணப் பட்டு எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு அம்மாள் பையோடு வந்து, ரோஸும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு சேலையைக் காட்டினாள். அம்மா மடிப்பதை விட்டுவிட்டு அவளைக் கவனித்தாள். துணியை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "ஒரு நூல் கருப்பு கூடிருக்கு, சாயந்தரம் வாங்க" என்று அனுப்பிவிட்டு வந்து, மறுபடியும் மூட்டைக்கு உட்கார்ந்தாள். சித்தியின் சேலைகள் எதையும் அவள் வெயிலுக்குக் கொண்டுபோகவில்லை. டியூப் லைட்டுக்குக் கீழேயே பார்த்தாள்.

எனக்கு விடை முன்பே தெரிந்துவிட்டது. "மயில்கழுத்தைக் காணும்" என்றேன்.

சித்தப்பா நிமிர்ந்தார். "ஆமா, மினுமினுன்னு ஒண்ணு..."

"அது இங்கதான் கிடக்கு" என்றாள் அம்மா. தலை நிமிரவில்லை. "முந்தானை ஓரம் பிரிஞ்சிருச்சுன்னு அடிக்கக் குடுத்துட்டுப் போனா." கடைசிச் சேலையையும் மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அரக்குதான் இல்ல. தலைதீபாவளிக்கு நீங்க எடுத்துக் குடுத்தீங்கள்ல, அரக்கு. அதைத்தான் கட்டிட்டுப் போயிருக்கா."

"அரக்கு" என்று சித்தப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஆமா, நான்தான் எடுத்தேன்." அதைச் சித்தி கட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்த மாதிரி தெரிந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரக்குச் சேலை எங்கள் வீட்டில் இருந்தது. சித்திக்கு அந்தக் கலர் பிடிக்காமல் அம்மாவிடம் கொடுத்து வருடக் கணக்காகிறது. போன மாதம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது அம்மா அதைத்தான் கட்டியிருந்தாள். தேர் பார்த்துவிட்டு வந்து சித்தப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபோது அம்மாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்ததே சித்தப்பாதான். அம்மாவுக்கு மறந்துவிட்டது, சித்தப்பாவுக்கும் மறந்துவிட்டது. இப்படி இரண்டு பேருக்கும் சேர்ந்தா மறக்கும்?

"அம்மா, அந்தச் சேலை தேருக்கு நீ..."

"ஏட்டி, எழுதுத வேலையைப் பாரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அரக்குக்கு இங்கிலீஷ்ல என்ன? செவப்பு கலந்த பிரவுனா, பிரவுன் கலந்த செவப்பா? அதைச் சரியாப் போடு. தப்பாப் போட்டுறாத."

அந்தக் கேள்வி என்னை அப்படியே விழுங்கிவிட்டது. அரக்கு அதுவரை நான் மொழிபெயர்க்காத நிறம். அதில் எது அதிகம்? அலமாரியிலிருந்து அரக்குத் துணியை எடுத்து ரோட்டுக்கு ஓடினேன். வெயிலில் பிடித்தேன். சிவப்பு முதலில் கண்ணில் படுகிறது; ஆனால் உற்றுப் பார்த்தால் தங்குவது பிரவுன்தான். நிழலில் பிடித்தேன். பிரவுன்தான். ரெட்டிஷ் பிரவுன். முன்னால் டார்க் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சேர்க்கலாம் என்றாள். டார்க் ரெட்டிஷ் பிரவுன் சாரி என்று எழுதினேன்.

"கலர்னு போடலியே?" என்றார் எட்டிப் பார்த்த சித்தப்பா.

"பிரவுன்னாலே கலர்தான் சித்தப்பா."

"அப்படி இல்ல. இங்க பாரு." ஷேடு கார்டை விரித்தார். விரலால் ஓட்டிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிறுத்தினார். அலமாரித் துணியை அதன் பக்கத்தில் வைத்தார். அவருக்கும் கண் இருந்தது. ஏறத்தாழ அதே நிறம். "இந்த நம்பரைப் போட்ரு. பெயின்ட் கடை இல்லாத ஊரு கிடையாது. படிக்கவன் கடைக்குப் போயி இந்த நம்பரைப் பாத்தான்னா தப்பே வராது."

காணாமல்போன பெண் எந்தப் பெயின்ட் நம்பரில் சேலை கட்டியிருந்தாள் என்று பேப்பரில் போடலாமா என்று அப்பாவுக்குத் தயக்கம். "போடட்டும்" என்றாள் அம்மா. "நம்பரும் இருந்தா ரொம்ப நல்லது."

போட்டேன். முழுவதையும் ஒருமுறை வாசித்துத் தமிழில் சொன்னேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லா எழுதியிருக்க தாயி" என்று என் தலையில் கை வைத்தார். அம்மா கொடுத்த இட்லியைச் சாப்பிடாமல் அன்றே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார், விளம்பரம் கொடுக்க. அவர் தேடியது உண்மையாகத்தான் தேடினார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

சாயங்காலம் தைக்க வந்த துணிகளில் மயில்கழுத்துச் சேலையைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

"டெலிவரி ஆயிருச்சு" என்றாள் அம்மா.

விளம்பரம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டு போய் அந்தப் பேப்பரை வாங்கிவந்தார். ஒரு விரல் நீளம் கூட இல்லை. பெயின்ட் நம்பர் இல்லை, பேப்பர்காரர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். மற்றபடி நான் எழுதியது எழுதியபடி இருந்தது. அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சேலை கலரு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா. டார்க் ரெட்டிஷ் பிரவுன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை அந்தப் பேப்பரைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் மிஸ்ஸிடம் காட்டினேன். நிறத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்றார். இது யார் என்று கேட்டார். யெல்லோயிஷ் கிரீன் சித்தி என்றேன். அவர் பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார். விளம்பரத்தில் ஏதோ ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டு என் மனம் நோகக் கூடாதென்று மறைக்கிறார் என நினைத்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் படித்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை.

அந்த விளம்பரத்தைச் சித்தப்பா மேலும் இரண்டு முறை போட்டார். டெலிபோன் வந்ததாகத் தெரியவில்லை. சித்தி அப்போது கோயம்புத்தூரில், அம்மாவோடு படித்த ஒரு டீச்சர் வீட்டில் இருந்தாள். வியாழக்கிழமை மதியம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், எங்கள் கடைக்கு வந்து, இங்கிருந்துதான் போய்ப் பஸ் ஏறினாள். மயில்கழுத்துச் சேலையில். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் கூட்டம் நெரிந்தது. அதற்கிடையில் ஒரு மத்தியானம் அம்மா மயில்கழுத்துத் துணி ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் சேலை இல்லை. அவள் ரோட்டுக்கும் போகவில்லை. மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டத் தொடங்கினாள். யாருக்கு என்று கேட்டேன். ஒரு கஸ்டமருக்கு என்றாள். சேலை இல்லாமல் எப்படி மேட்சிங் பார்த்தாய் என்று கேட்டேன். மனசில் இருக்கிறது என்றாள். கைத்துண்டை வெட்டும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

கை நீளம் ஐந்து இன்ச்.